தள்ளாடிய மின்சாரமும் நின்றுபோன தராசும்

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தார்கள். அம்பாறைக் கரையோரத்தில் அது பெரும்போக நெல் ஆலைகளுக்கு ஏறுகிற காலம். முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததில் வயல்கள் வழமைபோல விளையவில்லை. கொண்டுவந்த நெல்லின் ஒவ்வொரு கிலோவையும் விவசாயி கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தான். அந்த நேரத்தில்தான் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில், லொறியோடு சேர்த்து நிறுக்கிற தராசின் கொம்பியூட்டர் அடிக்கடி இறுகத் தொடங்கியது.

இறுகினால் திரை அணைந்துவிடாது. கடைசியாக வந்த நிறை அப்படியே நிற்கும். லொறி தராசை விட்டு இறங்கிப் போன பிறகும் அதே எண் நிற்கும். அடுத்த உழவு இயந்திரம் ஏறும்போது கவனிக்காமல் விட்டால், ஒருவரின் நெல்லுக்கு இன்னொருவரின் நிறை எழுதப்பட்டுவிடும். ஆலை ஹாஜியாரைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையோடுதான் குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. வியாபாரம் ஒரு நாள் நின்றாலும் பரவாயில்லை, பிழையான எண்ணில் ஒரு சிட்டையும் போகக்கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் நிபந்தனை. எனக்கும் அதே எண்ணம்தான்.

கல்முனையில் இருந்துகொண்டு லினக்ஸ் டிரைவர்களை எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். கொம்பியூட்டரோடு இணைத்த ஒரு கருவிக்கும், அந்தக் கொம்பியூட்டரை ஆளுகிற இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கிற சிறிய புரோகிராம்தான் டிரைவர். அது இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்கு உள்ளேயே ஓடும். வெளியே ஓடுகிற சாதாரண புரோகிராம் சிக்கிக்கொண்டால் மூடிவிட்டுத் திரும்பத் திறக்கலாம். டிரைவர் சிக்கினால் அதை மூடுவதற்கு மேலே யாரும் இல்லை. அந்த ஆலையில் தராசின் சென்சர்களை வாசித்து, யூஎஸ்பி கேபிள் வழியாக நிறையை அனுப்புகிற சிறிய பெட்டியொன்று இருந்தது. அதற்கென்று எழுதப்பட்ட டிரைவர்தான் பிரச்சினை. இவ்வளவு சின்ன வேலையைக் கேர்னலுக்குள் கொண்டுபோயிருக்கவே தேவையில்லை என்பது இன்றைக்கும் என் அபிப்பிராயம். ஆனால் அதே பெட்டியும் அதே டிரைவரும் வேறு ஆலைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. பில் போடுகிற புரோகிராம்கள் எல்லாம் அதை நம்பியே எழுதப்பட்டிருந்தன. இருந்த இடத்தில் வைத்துத்தான் திருத்த வேண்டியிருந்தது.

இந்தக் கரையில் எந்த மின்கருவி பழுதானாலும் முதல் பழி உப்புக்காற்றுக்குத்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சாய்ந்தமருது, நிந்தவூர் கடலோர வீடுகளில் கேபிள் முனைகளில் பச்சை பூத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கும் கேபிளை மாற்றினார்கள். பிறகு பிரிண்டரையும் மாற்றினார்கள். டொலர் நாளுக்கு நாள் ஏறிய காலத்தில் அது சின்னச் செலவு அல்ல. தராசடியில் இருந்த பொடியன்தான் எனக்கு வழி காட்டினான். “காக்கா, கரண்ட் போகக்குள்ள நிக்கிறல்ல. ஜெனரேட்டர் போட்டு, பெரிய மோட்டர் எழும்பக்குள்ளதான் நிக்கிது” என்றான்.

இப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது பாதி வேலை முடிந்த மாதிரி. கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் இருந்தது, தராசுப் பெட்டி அதில் இல்லை. மின்சாரம் ஒரேயடியாகப் போனால் பெட்டி யூஎஸ்பி வரிசையிலிருந்தே மறைந்துவிடும். கேர்னல் அதை உடனே கண்டு, கருவி போய்விட்டது என்று டிரைவருக்குச் சொல்லும், டிரைவர் ஒதுங்கிக்கொள்ளும், மின்சாரம் வந்ததும் பெட்டியும் திரும்ப வரும். பெரிய மோட்டர் எழும்பும்போது நடப்பது வேறு. வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து தள்ளாடும். பெட்டிக்குள் இருக்கிற சிறிய சிப் சாகவும் மாட்டாது, சரியாக வேலை செய்யவும் மாட்டாது. வரிசையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும். மின்வெட்டு அரிதாக இருந்த வருடங்களில் இந்த நிலை எப்போதாவது வந்து, கொம்பியூட்டரை அணைத்துப் போட்டதோடு மறக்கப்பட்டிருக்கும். 2022இல் அது ஒவ்வொரு நாளும் வந்தது.

அடுத்த முறை இறுகியபோது யாரையும் அணைக்கவிடாமல், என் லெப்டொப்பிலிருந்து நெட்வேர்க் வழியாக அந்தக் கொம்பியூட்டருக்குள் போனேன். லினக்ஸில் கேர்னலிடமே நேரடியாகக் கேட்க ஒரு வாசல் உண்டு. சிஸ்ஆர்க்யூ என்பார்கள். அதற்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்தைக் கொடுத்தால், எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடக்கிற எல்லோரையும், ஒவ்வொருவரும் எந்த ஃபங்ஷனுக்குள் எந்த வழியாகப் போய்க் கிடக்கிறார்கள் என்பதோடு பட்டியல் போடும். மூன்று பேர் கிடந்தார்கள். பில் புரோகிராம் ஒன்று. யூஎஸ்பி ஹப்பைக் கவனிக்கிற கேர்னல் வேலையாள் ஒன்று. பெட்டியிடம் இடைவிடாமல் நிறை கேட்டுக்கொண்டிருக்கிற, டிரைவரின் சொந்த வேலையாள் ஒன்று. மூவரும் ஒரே லொக்குக்காகக் காத்திருந்தார்கள்.

லொக் என்பது இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே தகவலில் கை வைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. எடுத்தவர் விடும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். மூவரும் காத்திருக்கிறார்கள் என்றால் எடுத்து வைத்திருப்பது நாலாவது ஆள். அப்படி ஒருவரையும் காணவில்லை. அந்தப் பட்டியலை முன்னும் பின்னுமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு டிரைவரின் சொந்த வேலையாள் வந்த வழியைக் கீழிருந்து மேலாக வாசித்தேன். நிறை கேட்கிற ஃபங்ஷன் லொக்கை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பெட்டி தொடர்ந்து பதில் தராவிட்டால், பெட்டியை மீட்டெடுக்கிற இன்னொரு ஃபங்ஷனை அதற்குள்ளிருந்தே அழைக்கிறது. அந்த மீட்பு ஃபங்ஷனின் முதல் வரி அதே லொக்கைக் கேட்கிறது. நாலாவது ஆள் இல்லை. திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திறப்பு வரட்டும் என்று வாசலில் நிற்கிற மாதிரி, அந்த வேலையாள் தன் கையில் இருந்த லொக்குக்காகத் தானே காத்திருந்தது.

மற்ற இருவரும் இதில் அகப்பட்ட வழியும் அப்போது விளங்கியது. எண் நின்றதும் பொடியன் செய்ததை யாரும் செய்வார்கள்: கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகினான். கழற்றிய உடனே ஹப்பைக் கவனிக்கிற கேர்னல் வேலையாள் டிரைவரின் வெளியேறும் ஃபங்ஷனை அழைக்க வந்து, அதே லொக்கில் மாட்டிக்கொண்டது. அது மாட்டியதும் அந்த ஹப்பில் புதிதாகச் செருகுகிற எதையும் அடையாளம் காண ஆளில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டால் அது திரும்ப வராததற்கும், வேறு கீபோர்ட் கொண்டுவந்து செருகினாலும் வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். பிரிண்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை. ‘இந்த வேலையாள் 120 விநாடிக்கு மேலாகத் தடைபட்டுக் கிடக்கிறது’ என்று கேர்னல் தன் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தது. அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் ஆலையில் யாருக்கும் இல்லை; இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

டெட்லொக் என்கிற இந்த நோய்க்கு இயங்குதளங்களின் வயதுதான். டைக்ஸ்ட்ரா 1965இலேயே இதை எழுதிவிட்டார். 1971இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி மூவரும் அது வருவதற்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள்: ஒன்றை ஒருவர்தான் வைத்திருக்கலாம், வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம், வைத்திருப்பவரிடமிருந்து பறிக்க முடியாது, காத்திருப்பு சுற்றி வந்து வட்டமாகிறது. பாடப்புத்தகங்களில் அந்த வட்டத்தில் இரண்டு பேராவது இருப்பார்கள். டிரைவர்களில் நான் அதிகம் கண்டது ஒரே ஆள் வட்டம்தான். வேலை செய்கிற பாதையில் அது ஒருபோதும் தெரியாது, பிழை நேர்கிற பாதையில்தான் ஒளிந்திருக்கும். கருவி ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை எந்த டிரைவரும் நல்ல டிரைவர்தான். கருவி தடுமாறும்போதும் கழன்று போகும்போதும் அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு டிரைவரை மதிப்பேன். அந்தப் பாதையைப் பரிசோதிக்க யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பது இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய ஆதங்கம்.

லினக்ஸ் கேர்னலின் உரிமப்படி டிரைவரின் மூலநிரலைக் கேட்டு வாங்கலாம். பெட்டியோடு டிரைவரைக் கொடுத்தவர்களிடம் கேட்டேன், தந்தார்கள். எழுதியவர் கைதேர்ந்தவர் என்பது வாசித்ததும் தெரிந்தது. நிறையை வாசிக்கிற பகுதி அவ்வளவு சுத்தம்.

இந்த இடத்தில் மருந்து என்று பலர் நீட்டுவது, ஒரே ஆள் திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய லொக்கைப் போடு என்பது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. லொக்கை எடுத்தவுடன் உள்ளே இருக்கிற தகவல் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பித்தான் ஒரு ஃபங்ஷன் வேலையைத் தொடங்குகிறது. பாதி மாற்றிய நிலையில் அதே ஆள் இரண்டாம் முறை உள்ளே வந்தால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். லினக்ஸின் ஆரம்பகாலப் பெரிய கேர்னல் லொக் அப்படித் திரும்ப எடுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. யார் எதற்காக எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகி, வருடக்கணக்காக ஒவ்வொரு இடமாகக் கழற்றி, 2011இல் 2.6.39 பதிப்பில்தான் முற்றாக அகற்ற முடிந்தது. இன்றைய மியூடெக்ஸ் லொக் வேண்டுமென்றே அந்த வசதியைத் தருவதில்லை. தவிர, இந்த டிரைவரில் அந்த மருந்து வேலையும் செய்திருக்காது. மீட்பு ஃபங்ஷனின் இரண்டாவது வரி, நிறை கேட்கிற வேலையை ரத்துச் செய், அது முழுதாக முடியும்வரை காத்திரு என்று சொல்கிறது. அதைச் சொல்வதே நிறை கேட்கிற வேலைதான். முதல் லொக்கைத் தாண்டினாலும், தான் முடியட்டும் என்று தானே காத்திருக்கிற இரண்டாவது வட்டம் அங்கே தயாராக இருந்தது.

ஆலையில் வைத்து இதைச் சோதிக்க முடியாது, நெல் காத்திருந்தது. வீட்டில் ராஸ்பெரி பை ஸீரோ என்கிற சின்னப் பலகை ஒன்று வைத்திருந்தேன். அதன் யூஎஸ்பி போர்ட்டைக் கருவியாகவும் நடிக்கவைக்கலாம். அதைத் தராசுப் பெட்டி மாதிரிப் பேசவைத்து, நான் சொன்ன கணத்தில் பதில் சொல்லாமல் உறைந்துபோகவும் பழக்கினேன். ஜெனரேட்டரும் மோட்டரும் இல்லாமல், கல்முனையில் மேசை மேலேயே ஆலையின் தள்ளாட்டத்தை வேண்டியபோதெல்லாம் வரவழைக்கலாம். மின்வெட்டுக்கு நடுவே பெற்றரியில் ஓடிய லெப்டொப்பில்தான் அதிகம் செய்தேன். நோன்பு தொடங்கியபின் வேலை தராவீஹ் முடிந்த இரவுகளுக்கு மாறியது.

அதோடு லொக்டெப் என்ற காவல்காரனையும் சேர்த்துக் கேர்னலைப் புதிதாகக் கட்டினேன். இங்கோ மொல்னார் எழுதி, 2006இல் 2.6.18 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்தது அது. டெட்லொக் நடந்தபின் பிடிப்பது அதன் சிறப்பல்ல. யார் எந்த லொக்கை வைத்துக்கொண்டு எந்த லொக்கை எடுத்தார்கள் என்ற ஒழுங்கை முழுக்கக் குறித்துவைத்து, இந்த ஒழுங்கு ஒருநாள் வட்டமாகும் என்று நடக்குமுன்பே சொல்லிவிடும். ஒரு வேலை முடியக் காத்திருப்பதையும் லொக் போலவே கணக்கில் எடுக்கும் வசதியை யொஹனஸ் பேர்க் 2007இல் சேர்த்தார். வேகத்தைக் குறைக்கும் என்பதால் பாவனையாளர்களுக்குப் போகிற கேர்னல்களில் இதை அணைத்தே வைத்திருப்பார்கள். டிரைவர் எழுதுகிறவரின் மேசையில் அது கட்டாயம் இருக்கவேண்டும். பலகையை உறையவைத்த முதல் தரமே லொக்டெப் முதல் வட்டத்தைச் சொன்னது. அதைப் பிரித்ததும் இரண்டாவதையும் சொன்னது. கேபிளைக் கழற்றும் பாதையில், லொக்கை வைத்துக்கொண்டே வேலை முடியக் காத்திருக்கிற இன்னொரு வட்டத்தையும் காட்டியது. அந்த வட்டம் ஆலையில் இன்னும் தலைகாட்டியிருக்கவில்லை.

திருத்தத்தின் முதல் படி, லொக் எதைக் காக்கிறது என்று முடிவெடுப்பது. பழைய டிரைவரில் அது ஃபங்ஷன்களைக் காத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தகவலுக்கு மட்டும் ஒதுக்கினேன்: கடைசி நிறை, அது வந்த நேரம், கருவி போய்விட்டதா என்ற குறி. இவற்றைத் தொடும் சில வரிகளுக்கு மட்டும் லொக். கையில் லொக் இருக்கும்போது யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. நிறை கேட்கிற வேலை பிழையைக் கண்டால் மீட்பை அழைக்காது. மீட்பு வேண்டும் என்று தனியான ஒரு வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். வெளியேறும் ஃபங்ஷன் முதலில் குறியை மாற்றி லொக்கை விட்டுவிடும். அதன்பிறகு மீட்பு வேலையை நிறுத்தும். கடைசியாக நிறை கேட்கிற வேலையை நிறுத்தும். குறி மாறிய பிறகு எந்த வேலையும் இன்னொன்றை வரிசையில் போடாது. அந்தச் சோதனையையும் வரிசையில் போடுவதையும் ஒரே லொக்குக்குள் செய்யாவிட்டால் நடுவே ஒரு இடுக்கு இருக்கும். அதற்குள் வேலை ஒன்று நழுவி, கருவி போனபின் எழுந்து நிற்கும்.

இவ்வளவும் செய்து லொக்டெப் அமைதியான பிறகும், மேசையில் அது ஒருமுறை இறுகியது. மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே கேபிளை இழுத்தால் இறுகியது. லொக்டெப் வாய் திறக்கவில்லை. என்னை அதிகம் வருத்தியதும், இந்த வேலையில் நான் அதிகம் கற்றதும் அங்கேதான். மீட்பு வேலை பெட்டியை ரிசெட் செய்வதற்காக, யூஎஸ்பி அமைப்புக்குச் சொந்தமான கருவி லொக்கை எடுக்கிறது. கருவி கழன்றுவிட்டது என்று கேர்னல் வெளியேறும் ஃபங்ஷனை அழைக்கும்போது அதே லொக்கை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் அழைக்கிறது. ஆக, வெளியேறுவது மீட்புக்காகவும், மீட்பு வெளியேறுவதற்காகவும் காத்திருக்கின்றன. என் டிரைவரில் வெளியேறும் பாதையை எவ்வளவு புரட்டினாலும் அந்த லொக் எடுக்கப்படுவது கண்ணில் படாது. லொக்டெப்பும் பார்க்காது, கருவிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் அந்த வகை லொக்குகளைச் சோதனையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறார்கள். காவல்காரன் பேசவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்று தெரிந்தது.

இதைக் கேர்னல் எழுதியவர்கள் முன்பே சந்தித்திருக்கிறார்கள். கருவியை ரிசெட் செய்வதைத் தாங்களே வரிசையில் போட்டு, அதற்குள் டிரைவர் விலகிவிட்டால் ரிசெட் செய்யாமல் விட்டுவிடுகிற ஃபங்ஷன் ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். என் மீட்பு வேலை நேரடியாக ரிசெட் செய்வதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொள்ளும்படி மாற்றினேன். பிறகு பலகையை உறையவைப்பதையும் கேபிளைத் துண்டிப்பதையும் தாறுமாறான இடைவெளிகளில் இரவு முழுக்கச் செய்கிற சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். ஸஹருக்கு எழும்பிப் பார்த்தபோதும் நிறை வந்துகொண்டிருந்தது.

ஹாஜியாரின் நிபந்தனைக்கும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பழைய டிரைவர், புதிய நிறை இல்லாவிட்டால் கடைசி நிறையையே கொடுக்கும். இப்போது குறித்த நேரத்துக்குள் புதிய நிறை வராவிட்டால் எண்ணே கொடுக்காது, பிழை என்றுதான் சொல்லும். திரையில் கோடுகள் மட்டும் தெரியும். பில் புரோகிராம் காத்திருக்கிற இடத்தையும், வேண்டாமென்றால் நிறுத்தி வெளியே வரக்கூடியதாக மாற்றினேன்.

ஆலையில் இதைப் போட்ட அன்று, பெட்டியையும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிடலாமே என்று கேட்டார்கள். நியாயமான யோசனைதான், செய்யத்தான் வேண்டும். ஆனால் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். வோல்டேஜ் தள்ளாட்டத்தை மறைத்துவிட்டால் டிரைவர் திருந்தியதா என்று தெரியாமலே போய்விடும். யூபிஎஸ்ஸின் பெற்றரி பழசாகும் வருடத்தில் அது திரும்ப வந்து நிற்கும். ஜெனரேட்டர் போட்டு மோட்டர் எழும்பியது. எண் மறைந்து கோடுகள் வந்தன. பெட்டி ரிசெட் ஆகி எண் திரும்ப வந்தது. பொடியன் கேபிளில் கை வைக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் பதிவேட்டில் மீட்பு வரிகள் நிறைய இருந்தன, இறுகல் ஒன்றும் இல்லை. அதன்பிறகுதான் பெட்டியை யூபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொன்னேன்.

திருத்தத்தை மூலநிரல் தந்தவர்களுக்கு அனுப்பினேன். மற்ற ஆலைகளுக்கும் அவர்கள் கொண்டுபோனார்கள். லொக் அறிவிக்கப்படுகிற வரிக்கு மேலே, அது காக்கிற தகவல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, இதை வைத்துக்கொண்டு எந்த வேலை முடியவும் காத்திருக்காதே என்று குறிப்பும் போட்டிருக்கிறேன். அவர்களிடமே நெல்லின் ஈரப்பதம் பார்க்கிற கருவிக்கும் ஒரு டிரைவர் உண்டு. அதையும் கேட்டு வாங்கினேன். அதன் வெளியேறும் ஃபங்ஷனைத்தான் முதலில் திறந்தேன். அங்கேயும் லொக்கை எடுத்த அடுத்த வரியில், வேலை முடியும்வரை காத்திரு என்று எழுதியிருக்கிறது. பலகை இப்போது ஈரப்பதக் கருவியாக நடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது.